ஓர் ஆயுதக் குழுவைத் தாக்கினால், அது தங்கியிருக்கும் நாட்டோடு போர் தொடுத்ததாக ஆகுமா?

தானாக ஆகிவிடாது. ஆனால் தாக்குகிற நாடு நினைத்தால் ஒரே நாளில் அப்படி ஆக்கிவிட முடியும். 2006-ல் லெபனானில் அதுதான் நடந்தது.

அந்த ஆண்டு ஜூலை 12 அன்று, லெபனானில் இயங்கும் ஷியா ஆயுதக் குழுவும் கட்சியுமான ஹிஸ்புல்லாவின் ஆட்கள் எல்லை தாண்டி இஸ்ரேலின் ரோந்துப் படையைத் தாக்கி, இரண்டு வீரர்களைப் பிடித்துப் போனார்கள். இது பயங்கரவாதத் தாக்குதல் இல்லை, ஒரு நாட்டின் போர்ச் செயல், லெபனான் அரசே பொறுப்பு என்று இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மெர்ட் அன்றே அறிவித்தார். எங்களுக்குத் தெரியாது, பொறுப்பேற்கவும் மாட்டோம் என்றது லெபனான் பிரதமர் ஃபுவாத் சினியோராவின் அரசு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஹிஸ்புல்லாவுக்கு அந்த அமைச்சரவையில் இடம் இருந்தது. ஆனால் எப்போது சுடுவது என்று அமைச்சரவையைக் கேட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒரு குழு செய்ததை ஒரு நாட்டின் தலையில் கட்ட வேண்டுமானால், அதை அந்த நாடு ஏவியதாகவோ கட்டுப்படுத்தியதாகவோ காட்ட வேண்டும். பணமும் ஆயுதமும் கொடுத்ததுகூடப் போதாது என்று சர்வதேச நீதிமன்றம் 1986-ல் நிகரகுவா வழக்கில் சொன்னது. இடம் கொடுக்கும் நாட்டுக்குக் குழுவை அடக்க மனமோ வலுவோ இல்லையென்றால் நாமே உள்ளே போய் அடிக்கலாம் என்பது அமெரிக்கா போன்ற நாடுகளின் வாதம். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றாலும், அடி அந்தக் குழுவின் மேல்தான் விழ வேண்டும். கிளர்ச்சிக்காரர்களை அடக்கத்தான் காங்கோவுக்குள் போனோம் என்று உகாண்டா சொன்னது 2005-ல் அதே நீதிமன்றத்தில் எடுபடவில்லை. எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களையும் விமான நிலையங்களையும் போய்ப் பிடித்தது எல்லைத் தொல்லைக்கு ஏற்ற பதிலாகத் தெரியவில்லை என்றது தீர்ப்பு.

லெபனானிலோ ஜூலை 13 அன்றே பெய்ரூட் விமான நிலைய ஓடுபாதைகளில் குண்டு விழுந்தது. கடல்வழி அடைபட்டது. பாலங்கள் போயின. ஜிய்யே மின்நிலையத்து எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து கடற்கரையெல்லாம் எண்ணெய். ஜூலை 18 அன்று ஜம்ஹூரில் லெபனான் ராணுவ முகாம் தாக்கப்பட்டு 11 வீரர்கள் இறந்தார்கள். இத்தனைக்கும் அந்த ராணுவம் தரைப்போரில் இறங்கவே இல்லை.

ஆகஸ்ட் 10 அன்று தெற்கு லெபனானில் மர்ஜயூன் ஊரின் ராணுவப் பாளையத்துக்குள் இஸ்ரேல் படை நுழைந்தது. உள்ளே சுமார் 350 லெபனான் வீரர்களும் போலீஸாரும் இருந்தார்கள். அவர்களுடைய தளபதி வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அது இஸ்ரேல் தொலைக்காட்சியில் வர, பிறகு லெபனான் அரசே அவரைக் கைது செய்தது. மறுநாள் அந்தப் படையும் ஊர் மக்களும், ஐ.நா. படை வழியாக இஸ்ரேலுக்குத் தகவல் சொல்லிவிட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகளில் வடக்கே கிளம்பினார்கள். இரவில் பெக்கா பள்ளத்தாக்கில் அந்த வரிசையின் மேல் வானிலிருந்து தாக்குதல். ஆறு பேராவது இறந்தார்கள். தேநீர் கொடுத்தவர்களோடு என்ன போர்? ஆனாலும் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் விசாரணைக் குழு இந்தப் போரை இரு நாடுகளுக்கு இடையிலான ஆயுத மோதல் என்றே வகைப்படுத்தியது. லெபனான் ராணுவம் சண்டையில் பங்கெடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே அப்படிச் சொன்னது.

34 நாளில் லெபனானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பொதுமக்கள். ஹிஸ்புல்லாவின் ராக்கெட்டுகள் ஹைஃபா வரை விழுந்து இஸ்ரேலியப் பொதுமக்களில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, 2008 மார்ச் 1 அன்று கொலம்பியா எக்வடோருக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்த ஃபார்க் என்ற கொலம்பியக் கிளர்ச்சிக் குழுவின் முகாமைத் தாக்கி, அந்தக் குழுவின் முக்கியத் தலைவர் ராவுல் ரேயெஸைக் கொன்றது. எக்வடோர் தூதரக உறவை முறித்தது, எல்லைக்குப் படை அனுப்பியது. ஆனால் கொலம்பியா எக்வடோரின் ராணுவத்தையோ சாலைகளையோ தொடவில்லை. ஒரு வாரத்துக்குள் சான்டோ டொமிங்கோ மாநாட்டில் இரு அதிபர்களும் கை குலுக்கினார்கள். அத்துமீறல்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது போர் ஆகவில்லை.

லெபனான் ஏன் ஹிஸ்புல்லாவை முன்பே அடக்கவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஐ.நா. பாதுகாப்பு அவை 2004-லேயே ஆயுதக் குழுக்களைக் கலைக்கச் சொல்லியிருந்தது. ஆனால் லெபனானில் இருந்த சிரியப் படை வெளியேறியதே 2005 ஏப்ரலில்தான். லெபனான் ராணுவமோ உள்நாட்டுப் போரில் மத வாரியாக ஏற்கனவே உடைந்துபோன ஒன்று. ஷியா வீரர்களை ஹிஸ்புல்லா மேல் ஏவினால் மறுபடி உடையும் என்ற பயம் வெறும் சாக்கு இல்லை. முடியாதவனை மறுத்தவனாக நினைத்து அடிப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அதனால் இஸ்ரேலுக்கும் லாபம் இல்லை. 2006 போரை நிறுத்திய பாதுகாப்பு அவையின் 1701-வது தீர்மானம், தெற்கே போய் எல்லையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஐ.நா. படையின் துணையோடு ஒப்படைத்தது ஜம்ஹூரில் குண்டு வாங்கிய அந்த ராணுவத்திடம்தான். அடுத்த பெரிய போருக்குப் பிறகு, 2024 நவம்பர் போர்நிறுத்தமும் தெற்கே அனுப்பச் சொன்னது அதே ராணுவத்தை.