பச்சை முட்டை இட்டது எந்தக் கோழி?

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டில் ஒன்பது பெட்டைகள். ஆறு எங்கள் ஊர்ச் சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. மூன்றைப் போன வருடம் சந்தையில் குஞ்சாக வாங்கினேன், ‘பச்சை முட்டை இடுகிற ஜாதி’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே கூடையில்தான் முட்டை இடுகின்றன. பத்து நாளாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் இளம்பச்சையில் ஒரு முட்டை கிடக்கிறது. எது இடுகிறது என்று தெரியவில்லை. கடல்பாசி காயவைக்கிற இடத்தில் மேய்வதால் வந்த நிறம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் மாமியார் அதைச் சமைக்கவே விடமாட்டேன் என்கிறார். இடுகிற கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? இனிமேல் வாங்கும்போது குஞ்சைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முதலில் உங்கள் மாமியார் விஷயத்தை முடித்துவிடுவோம். தாராளமாகச் சமைக்கலாம். திருவாடானைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் மேய வரும் வாத்துகளின் முட்டைகளைக் கூடையோடு பார்த்திருப்பார்; அதில் இளம்பச்சை ஓடுகளும் கலந்துதான் கிடக்கும். இதுவும் அதே சாயம்தான். ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது மற்றக் கோழி முட்டையில் இருப்பதேதான். அதனால் ‘கொழுப்பு குறைவு, சத்து அதிகம்’ என்று சொல்லி யாராவது நாலு மடங்கு விலை கேட்டால் அதையும் நம்ப வேண்டாம்.

அடுத்து அக்கா சொன்ன பாசிக் கணக்கு. தின்னும் தீனி கருவின் நிறத்தை மாற்றும். இறால் தலையும் நண்டு ஓடும் கொத்தித் தின்கிற கோழியின் கரு நல்ல செம்மஞ்சளாக இருப்பதை உங்கள் ஊரில் தினமும் பார்க்கலாம். கருவாட்டுக் கழிவு அளவுக்கு மீறிப் போனால் முட்டையில் மீன் வாடையும் அடிக்கும். ஆனால் ஓட்டின் நிறம் தீனியால் வருவதில்லை, அது பிறப்பிலேயே வருவது. பாசிதான் காரணம் என்றால், அதே இடத்தில் மேயும் ஒன்பதும் பச்சையாக அல்லவா இட்டிருக்க வேண்டும்?

அந்தச் சாயத்தின் பெயர் பிலிவெர்டின். இரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற பொருள் சிதையும்போது கிடைப்பது. அடிபட்டுக் கன்றிப்போன இடம் சில நாளில் பச்சையாகத் தெரியுமே, அதே பொருள்தான் அங்கும். கோழியின் வயிற்றில் முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. நீல முட்டைக் கோழிக்கு ஓடு கட்டக் கட்டவே இந்தச் சாயம் அதில் ஊறிவிடும். பழுப்பு முட்டையின் சாயம் வேறு; அது கடைசிச் சில மணி நேரத்தில் மேலே ஒரு பூச்சாக விழுவது. செங்கல்லை உடைத்தாலும் உள்ளே சிவப்புத்தான், காவி அடித்த சுவரைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அந்த வித்தியாசம். பச்சை முட்டை என்று தனியாக ஒன்று கிடையாது. நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. பூச்சு கனமாக விழுந்தால் ஆலிவ் காய் நிறம் வரை போகும்.

இதை வைத்தே முதல் சோதனை. ஒரு பச்சை முட்டையை உடைத்து, ஓட்டைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கட்டைவிரலால் தேய்த்து உரித்துவிட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். உட்புறமும் ஒரே சீராக வெளிர்நீலமாக இருந்தால் உண்மையான நீல முட்டைக் கோழி உங்கள் வீட்டில் இருக்கிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் வெறும் மேல்பூச்சு. யாராவது சாயம் தோய்த்து விற்றிருந்தால் அதுவும் இங்கே பிடிபடும். திருவிழாக்கடைக் கலர் கோழிக்குஞ்சு மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். கூட்டுக்கு மேலே நீலத் தார்ப்பாய் போட்டிருந்தால், அதன் அடியில் எல்லா முட்டையும் நீலம்தான்! போனில் எடுத்த படத்தையும் நம்பாதீர்கள். வெளியே எடுத்துவந்து ஒரு சாதாரண முட்டையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் யாராவது வாத்து வளர்க்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். வாத்து முட்டை 65, 70 கிராம் நிற்கும், ஓடு மெழுகு தடவியது போல் வழுவழுப்பாக இருக்கும். சிறுவிடை முட்டை 40 கிராமை ஒட்டித்தான் வரும்.

சரி, இடுகிற கோழியைப் பிடிப்போம். ஒரு கோழி ஆயுள் முழுக்க ஒரே நிறத்தில்தான் முட்டை இடும். தொடர்ந்து இட்டுக்கொண்டே போகும்போது சாயம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். இன்று வெள்ளை, நாளை பச்சை என்று மாறாது. ஆகவே ஒரே ஒரு தடவை கையும் களவுமாகப் பிடித்தால் போதும்.

சந்தையில் வாங்கிய மூன்றும்தான் சந்தேகத்துக்கு உரியவை. விடிந்ததும், கூண்டைத் திறப்பதற்கு முன், மூன்றையும் தூக்கிப் பாருங்கள். பின்பக்கத்தில் முட்டை வரும் வாய்க்குக் கீழே இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் அது முட்டையில் இருக்கிற கோழி. ஒரு விரல் அளவுதான் என்றால் அது இன்னும் இட ஆரம்பிக்கவில்லை, அல்லது நிறுத்திவிட்டது. உங்கள் மாமியாருக்கு இதைவிட நேர்வழி தெரிந்திருக்கும்: விரல் வைத்துப் பார்த்து ‘இன்றைக்கு முட்டை இருக்கு’ என்று சொல்கிற கை அந்தத் தலைமுறையின் கை. அப்படி அவர் சொல்லும் கோழியை ஒரு பஞ்சாரத்தில் கொஞ்சம் வைக்கோலும் தண்ணீரும் வைத்துத் தனியாகக் கவிழ்த்துவிடுங்கள். மதியத்துக்குள் விடை தெரிந்துவிடும். சில கோழி பஞ்சாரத்துக்குள் இடாமல் பிடிவாதமாக அடக்கிக்கொள்ளும். திறந்துவிட்டதும் அது மேயப் போகாமல் நேரே பழைய கூடைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் பின்னாலேயே போங்கள்.

பஞ்சாரம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. கேசரிப் பவுடரைத் துளி தேங்காய் எண்ணெயில் குழைத்து, இரவில் கோழி அடைந்த பிறகு முட்டை வரும் வாயின் விளிம்பில் லேசாகத் தடவுங்கள். ஒன்றுக்கு ஆரஞ்சு, ஒன்றுக்குச் சிவப்பு, மூன்றாவதை அப்படியே விடுங்கள். மறுநாள் முட்டையில் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டு வரும், பச்சை ஓட்டில் எந்த நிறக் கீற்று என்று பார்த்தால் போதும். பச்சைக் கலர் பவுடரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. குஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இங்கேதான் நம் பக்கம் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இணையத்தில் தேடினால் ‘கொண்டையைப் பார், பட்டாணிக் கொண்டை என்றால் நீல முட்டை’ என்று வரும். பட்டாணிக் கொண்டை என்பது அரம் போல் பல் வைத்து எழுந்து நிற்காமல், மூன்று வரிசையாகச் சிறு மணிகளைப் பதித்தது போல் தலையோடு தாழ்ந்து படிந்திருப்பது. அந்தக் குறிப்பு வெறும் கட்டுக்கதை அல்ல. நீல முட்டைக்கான மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் கோழியின் முதல் குரோமோசோமில் மிக அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. சிலி நாட்டு ஆரக்கானா, அதன் வழியில் அமெரிக்காவில் உருவான அமெரக்கானா ஆகிய இனங்களில் இரண்டும் கைகோத்தபடியே அடுத்த தலைமுறைக்குப் போகும். பிரிவது எப்போதாவதுதான்.

ஆனால் அந்தக் கணக்கு அங்கத்திய கோழிகளுக்கு. நம் ஊர்ச் சண்டைக்கோழி இனமான அசிலுக்கும் பட்டாணிக் கொண்டைதான். அசில் இரத்தம் கலந்த பெருவிடைகள் நம் பக்கம் எங்கும் உண்டு. அவற்றின் முட்டை வெளிர்பழுப்பு, இல்லையென்றால் பாலாடை நிறம். நீலத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கொண்டையைக் காட்டி ஒருவர் குஞ்சு விற்கிறார் என்றால், அசில் கலப்புக் குஞ்சை விற்கிறார் என்பதற்கே அதிக வாய்ப்பு. நானும் இதில் பாடம் படித்தவன்தான். சில வருடம் முன்பு தாழ்ந்த கொண்டையும் சாம்பல் காலும் பார்த்து மயங்கி ஆறு குஞ்சு வாங்கினேன். ஆறு மாதம் தீனி போட்டேன். நாலு பெட்டையும் பழுப்பு முட்டை இட்டன, இரண்டு சேவல்கள் என்னையே துரத்தின.

கொண்டை மறுபக்கமும் ஏமாற்றும். இங்கிலாந்தில் உருவாக்கிய கிரீம் லெக்பார் நீல முட்டை இடும். அதற்கு அரம் போல் எழுந்து நிற்கிற ஒற்றைக் கொண்டை. காது மடலின் நிறம், கால் நிறம், கன்னத்தில் தாடி போல் இறகு இவையெல்லாம் குஞ்சு எந்த வம்சத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்க உதவும். முட்டை நிறத்துக்கு உத்தரவாதம் அல்ல. சில்க்கிக் கோழியின் காது மடல் நல்ல நீலம், முட்டை என்னவோ பாலாடை நிறம்தான். கடக்நாத் கருங்கோழி உடம்பெல்லாம் கறுப்பு. அதன் முட்டையும் கறுப்பு இல்லை.

அப்படியானால் எதை நம்புவது? வம்சத்தை. நீல ஓடு ஒரே ஒரு மரபணுவால் வருவது, அது ஓங்குபண்பு (தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிகிற குணம்) என்று பன்னெட் என்ற ஆங்கிலேய மரபியலாளர் 1933-லேயே எழுதிவிட்டார். எப்போதோ கோழியின் மரபணுவுக்குள் நுழைந்து தங்கிவிட்ட ஒரு வைரஸ் துண்டுதான் அந்த மரபணுவை முடுக்கிவிடுகிறது என்பது 2013-ல் தெரியவந்தது. சிலியின் கோழிக்கும் சீனாவின் கோழிக்கும் தனித்தனியாக நுழைந்திருக்கிறது என்பது அதைவிட ஆச்சரியம். வைரஸ் என்றதும் மாமியார் பயப்பட வேண்டாம், அது நோய்க்கிருமி இல்லை, பழைய எச்சம்.

ஓங்குபண்பு என்பதால் கணக்கு எளிது. ஒவ்வொரு கோழிக்கும் இந்த மரபணுவுக்கு இரண்டு இடம், தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் அந்த மரபணு ஒரு பங்கு இருந்தால் பிறக்கும் பெட்டைகளில் ஏறக்குறைய பாதி நீலமோ பச்சையோ இடும். இரண்டு பங்கும் இருந்தால் எல்லாமே. இதில் சேவல்தான் சிக்கல், அது முட்டை இட்டுக் காட்டாது. ‘நீல முட்டைச் சேவல்’ என்று விற்றால், அதன் மகள்கள் இட்ட முட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதென்றால் சாதாரணச் சேவல் விலைக்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பச்சை முட்டைக் கோழி எது என்று தெரிந்ததும் அதன் கொண்டையைப் பாருங்கள். அது பட்டாணிக் கொண்டையாக இருந்து, நீங்கள் சேர்க்கும் சேவல் அசில் கலப்பில்லாத ஒற்றைக் கொண்டைச் சிறுவிடையாக இருந்தால், பிறக்கும் குஞ்சுகளில் கொண்டை ஓரளவு பேசும். சிலது ஒற்றைக் கொண்டை, சிலது பட்டாணி என்று பிரிந்தால் பட்டாணிப் பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அசில் சேவலைச் சேர்த்துவிட்டால் எல்லாக் குஞ்சுக்கும் தாழ்ந்த கொண்டை வந்துவிடும், அப்புறம் ஆறு மாதம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வெளியே வாங்குவதானால் குஞ்சாக வாங்காதீர்கள், அடைமுட்டையாக வாங்குங்கள். பச்சை ஓடு கையில் இருந்தால் தாய் யார் என்பதில் ஏமாற்ற இடமில்லை. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பார்த்து, ஈரமணல் சட்டிமேல் நிழலில் வைத்திருந்து, உங்கள் சிறுவிடைகளில் ஒன்று அடைக்கு உட்காரும்போது வையுங்கள். சித்திரை வெயில் ஏறுவதற்கு முன் பொரித்துவிட்டால் நல்லது. அடைக்கூடையில் இரும்புத் துண்டும் வரமிளகாயும் போட வேண்டும் என்று மாமியார் சொன்னால், அதை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.