போர்னியோவுக்குத் தனியாகப் போகலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 57. ஊர் மன்னார்குடி. ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு ஒரு மாத்திரை, 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை என்று சுற்றிப் பறவை பார்த்தாகிவிட்டது. ஒராங்குட்டானைக் காட்டிலேயே பார்க்க ஆசை. போர்னியோ தீவில் இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்துக்கு ஆறு நாள் தனியாகப் போகத் திட்டம். "அங்கே மயங்கி விழுந்தா யாரும்மா பார்ப்பா?" என்கிறான் மகன். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. இந்த வயது, இந்தச் சர்க்கரை அளவு, மாடி ஏறினால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லை என்றால், தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் மகன் மேல் கோபப்படாதீர்கள். கேள்வி சரியானதுதான். வீட்டில் நமக்கு ஒரு மாதிரி இருந்தால் முகத்தைப் பார்த்தே யாராவது கேட்டுவிடுவார்கள். தனியாகப் போகும்போது அந்த ஒரு ஆள் இருப்பதில்லை. முதலை, பாம்பை விட எனக்குக் கவலை அதில்தான்.

உங்கள் மருந்துச் சீட்டில் நான் முதலில் பார்த்தது கிளிமிபிரைடு. சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றில் விலங்கு பார்க்கப் போகும் காலைப் படகு பெரும்பாலும் ஆறு மணிக்கே கிளம்பிவிடும். நீள மூக்குக் குரங்கு, இருவாச்சி, அதிர்ஷ்டம் இருந்தால் குட்டையான போர்னியோ யானை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் டிபன். நீங்களோ வீட்டுப் பழக்கத்தில் ஐந்தரைக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறிவிடுவீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயமில்லை. கிளிமிபிரைடு அப்படியில்லை, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை 70-க்குக் கீழே இழுத்துவிடும். அதன் அறிகுறியே வியர்வை, நடுக்கம், படபடப்பு. அந்தக் காட்டுப் புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே அங்கே இருக்கும் நாட்களில் கிளிமிபிரைடைத் திரும்பி வந்து முதல் வாய் சாப்பிடும்போது போடுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான், மாத்திரைகளுக்கு அது பெரிய விஷயமில்லை.

பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பேன் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தாழ்சர்க்கரைக்கு அது உதவாது. கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன் அளவில் பொட்டலங்களாகக் கட்டி, மேல் சட்டைப் பையில் வையுங்கள். ஒன்றைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொன்று. கடலை மிட்டாய் அதற்கு அப்புறம். குளுக்கோமீட்டர் பட்டைகள் ஈரத்தில் கெட்டுத் தப்பான எண் காட்டும், டப்பா மூடியைத் திறந்து போட்டுவிடாதீர்கள்.

படகு ஏறும்போதே வழிகாட்டியிடம், "எனக்குச் சர்க்கரை நோய், நான் உளறினாலோ தூங்கி வழிந்தாலோ இனிப்புத் தண்ணீர் கொடுங்கள், விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இதையே மருந்துப் பெயர்களோடு ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கும் பையில் வையுங்கள். அந்த ஆற்றோரத்தில் இருக்கும் சுக்காவ் கிராமத்திலிருந்து சண்டாக்கான் ஊரின் பெரிய அரசு மருத்துவமனைக்கு சாலை வழியே இரண்டு மணி நேரமாவது ஆகும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காதீர்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பணம் வராது.

அடுத்தது மலேரியா. சபாவில் இருப்பது நமக்குப் பழகிய வகை இல்லை. 'நோலெசி' என்ற கிருமி, காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. மற்ற மலேரியாக் கிருமிகள் 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாள் பார்க்கலாம், இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட இடம் கொடுக்காது. அந்த ஆற்றோரத்துக்குப் போவதால் தடுப்பு மாத்திரை தேவை. உங்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும் ஒன்று போதும் என்பது என் எண்ணம். கிளம்ப ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகும். பால், கால்சியம், இரும்பு மாத்திரையோடு சேர்க்க வேண்டாம். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், முழுக்கை சட்டையும் தொப்பியும் வேண்டும்.

இதே மருந்தில் இன்னொரு லாபம், எலிக்காய்ச்சல். நடவு வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு வருவதால் டெல்டாவில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சபாவில் 2000-ஆம் ஆண்டு நடந்த ஒரு சாகசப் பந்தயத்தில் செகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் பலருக்கு இந்தக் காய்ச்சல் கண்டது. டாக்ஸிசைக்ளின் எடுத்திருந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. காலில் வெடிப்பு இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். சர்க்கரைக் கால் என்பதால் தினமும் ராத்திரி பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அட்டை கடிக்கும். அது உங்களுக்குப் புதிதில்லை. ஆஸ்பிரின் எடுப்பதால் ரத்தம் கொஞ்சம் அதிக நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். குரங்கு கடித்தாலோ கீறினாலோ கதை வேறு. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசியை முன்கூட்டியே இரண்டு தவணை போட்டுக்கொள்வது நல்லது. ஹெபடைட்டிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளையும் அப்போதே முடித்துவிடலாம். கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே வாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி இதற்குத் தேவையில்லை.

செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்துக்குப் போவீர்கள். ஜலதோஷம் இருந்தால் அன்று போகாதீர்கள். நம் சளி, இருமல் ஒராங்குட்டானுக்கும் தொற்றும்.

ஊர் திரும்பிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், "போர்னியோக் காட்டில் இருந்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் இங்கே எல்லாக் காய்ச்சலும் மழைக்காய்ச்சல்தான், இல்லாவிட்டால் டெங்கு. மலேரியா அட்டைச் சோதனை நோலெசியைத் தவறவிடலாம். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், முதல் தடவை ஒன்றும் தெரியாவிட்டால் மறுநாளும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினைத் தொடரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.