அந்த அம்மாவை இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்லீப் லேபில், அதாவது தூக்கத்தைப் பரிசோதிக்கும் பிரிவில், இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 42. ரெஸ்பிரேட்டரி தெரபி படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவள். இரண்டு படுக்கை உள்ள லேப். ஞாயிறு தவிர வாரம் ஆறு இரவும் ஸ்டடி நடக்கிறது, அதாவது நோயாளியைத் தூங்கவைத்து இரவு முழுக்கப் பதிவு செய்கிறோம். ஆட்கள்தான் நிலைப்பதில்லை. ஒருவன் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி) விற்கும் கம்பெனிக்குப் போனான், இன்னொருவன் துபாய்க்குப் போய்விட்டான். கடைசியாக இருந்த பெண்ணும் இப்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். கல்யாணம் ஆகாதவள், வீட்டில் அம்மா மட்டும்தான், பொறுப்பு ஒன்றும் கிடையாது என்பதால் எட்டு மாதமாக நைட் டூட்டியை அவளுக்கேதான் போட்டுவந்தேன். என் பையன் பத்தாம் வகுப்பு, அதனால் நான் இரவு வருவதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதியிருக்கிறாள். எல்லோரும் சொல்கிற சாக்குதான். எங்கள் மேனேஜ்மென்ட் இன்னொரு கிளையில் நான்கு படுக்கையோடு லேப் திறந்து, இரண்டுக்கும் என்னை மேனேஜராகப் போட நினைக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை. இவர்களை நம்பி இந்தப் பதவியை ஏற்கலாமா? ஆட்களை எப்படித் தக்கவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள், நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள், பிறந்தநாளுக்கு கேக் வெட்டுங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஆள் நிற்கவில்லை என்ற கடிதம் எனக்குப் புதிதல்ல. டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து வரும், ஸ்கேன் சென்டரிலிருந்து வரும், ரத்த வங்கியிலிருந்தும் வரும். மருத்துவமனையில் டூட்டி சார்ட் போட்டே தலை நரைத்தவள் நான். அதனால் உங்கள் கேள்வியைப் பிறகு பார்க்கிறேன். முதலில் என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

வீட்டில் அம்மா மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக அந்தப் பெண் இரவெல்லாம் உங்கள் லேபில் இருந்தாளே, அந்த அம்மாவை இரவில் யார் பார்த்துக்கொண்டார்கள்?

உங்களுக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும். அம்மாவுக்கு என்ன வயது, என்ன நோய், மாத்திரை எடுத்துக் கொடுக்க யாராவது உண்டா, ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போக முடியுமா, எதுவுமே கடிதத்தில் இல்லை. ஆனால் அவள் எழுதிய காரணம் சாக்கு என்று மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. ஒரே கடிதத்தில் நாலு வரி இடைவெளியில், வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார் என்பதையும் எழுதி, அந்த அம்மாவுக்கு முடியவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்பதையும் எழுத உங்களால் முடிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உங்கள் பையனுக்குப் பத்தாம் வகுப்பு. பரீட்சை வருஷத்தில் அம்மா இரவில் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள், சரிதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்கு அம்மா துணை வேண்டும் என்றால், தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு மகள் துணை வேண்டாமா? கழுத்தில் தாலி ஏறினால்தான் ஒருத்திக்குக் குடும்பம் என்று உங்களுக்கு யார் சொன்னது? பெற்றவளைப் பார்ப்பதும் குடும்பப் பொறுப்புதான். அதை நீங்கள் பொறுப்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உங்கள் சார்ட் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தக் கணக்கு எல்லா மருத்துவமனைகளிலும் ஓடுகிறது. கல்யாணம் ஆகாதவர்கள் என்றால் சனி ஞாயிறு அவர்களுக்கு, முகூர்த்த நாள் அவர்களுக்கு, யாராவது திடீரென்று லீவு போட்டால் ஃபோன் அவர்களுக்கு. வீட்டில் பிள்ளை இருக்கிறவள் லீவு கேட்டால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். அம்மாவுக்காக ஒருத்தி கேட்டால் சாக்கு என்பார்கள். இதைத் தடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிற இன்சார்ஜே இதைச் செய்தால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

நீங்களே வயர் ஒட்டிப் பழகியவர். உங்களுக்கு ஒரு இரவு எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், இரவு லேபுக்குப் போய் நாளாகிவிட்டதால் மறந்திருப்பீர்கள்.

எட்டரை மணிக்கு நோயாளிகள் வருவார்கள். தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் குறி போட்டு, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து, காஸ் துண்டால் அமுக்கி ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஒட்ட வேண்டும். தலை முடிந்தால் கண்ணோரம், தாடை, மார்பு, இரண்டு கால். அப்புறம் மூக்குக்குக் குழாய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பெல்ட், விரலுக்கு ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. உங்கள் லேபில் இரண்டு பேர். கண்ணை மூடுங்கள், இடது பக்கம் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், கால் விரலை ஆட்டுங்கள் என்று சிக்னல் எல்லாம் சரிபார்த்து விளக்கை அணைக்கும்போது மணி பத்தரை, பதினொன்று. உடனே ஒருவருக்கு மூக்குக் குழாய் கழன்றுவிடும். இன்னொருவருக்குப் பாத்ரூம் போக வேண்டும், வயர்ப் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எழுபது சொச்சம் சதவீதத்துக்கு இறங்குகிற ஆளுக்கு நடு இரவில் சிபாப் மாஸ்க் மாட்டி, 4 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் ஆரம்பித்து, ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கனவு வருகிற ஆர்.ஈ.எம். தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். தசைகள் தளர்ந்துபோகிற அந்த நேரத்தில்தான் பலருக்கும் மூச்சு மோசமாக நிற்கும். மல்லாந்து படுத்து அந்தத் தூக்கத்தில் இருக்கும்போது எந்த அழுத்தம் போதுமானது என்று பார்த்தால்தான் ஸ்டடியே முழுமையாகும். அதாவது விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் டெக்னீஷியனின் கண் ஸ்கிரீனை விட்டு அகலவே கூடாது. மனித உடம்பு இயல்பாகவே மிகவும் சோர்ந்துபோகிற நேரமும் அதுதான். வாரத்தின் ஆறாவது இரவில், முந்தின பகலில் நாலு மணி நேரம்கூடச் சரியாகத் தூங்காத ஒருத்தி, அந்த நேரத்தில் அரை மணி கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? மாஸ்க் விலகிக் காற்று கசிந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தவறான அழுத்தம் ரிப்போர்ட்டில் ஏறும். நோயாளி அந்த அழுத்தத்தை வைத்து மெஷின் வாங்கிக்கொண்டு போய், ஒரு பலனும் இல்லையே என்று இரண்டு மாதத்தில் பரணில் போட்டுவிடுவார். பணத்தைக் கட்டி, நம்பி வந்து உங்களிடம் தலையைக் கொடுத்த மனிதர் அவர்.

அவள் காலையில் எப்படி வீட்டுக்குப் போகிறாள் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஸ்கூட்டியாக இருந்தால் இதைக் கேளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனம் அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். தூக்கத்தைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிற துறை நம்முடையது. அங்கிருந்தே ஒரு பெண்ணை இப்படி ரோட்டுக்கு அனுப்பலாமா?

இப்போது கணக்குக்கு வருகிறேன். மேனேஜராக வரப்போகிறவருக்கு இது தெரிய வேண்டும். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை 12 மணி நேரம். ஆறு இரவு என்றால் 72 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் நம் நாட்டில் பொதுவான வரம்பு. அப்படியென்றால் ஒரு ஆளுக்கு நாலு இரவு, அதற்கு மேல் கிடையாது. அத்தோடு முடியவில்லை. வாரத்துக்கு 12 ஸ்டடி எடுக்கிறீர்கள். எட்டு மணி நேரப் பதிவை முப்பது முப்பது விநாடியாகப் பிரித்தால் 960 பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, அதில் எந்த வகைத் தூக்கம், எங்கே மூச்சு நின்றது என்று குறித்து ஸ்கோர் செய்ய, கைதேர்ந்தவருக்கே ஒரு ஸ்டடிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதை யார் செய்தது? பகலில் நீங்கள் செய்திருந்தால் நல்லது. அதையும் அவள் தலையிலேயே கட்டியிருந்தால், இத்தனை நாள் அவள் இருந்ததற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

ஆக உங்களுடைய இரண்டு படுக்கை லேபுக்கே நைட் டூட்டிக்கு மாற்றி மாற்றி வர இரண்டு பேர் வேண்டும், ஸ்கோரிங்குக்கும் லீவு வந்தால் ஈடுகட்டவும் இன்னொருவர் வேண்டும். ஒரு டெக்னீஷியனுக்கு அதிகபட்சம் இரண்டு நோயாளிகள் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வைத்திருக்கும் வரம்பு. குழந்தை, இதய நோயாளி, கரியமில வாயு தேங்குகிற நோயாளி என்றால் ஒருவருக்கு ஒருவர் இருப்பதே நல்லது. புதிய கிளையில் நாலு படுக்கை என்றால் ஒவ்வொரு இரவும் இரண்டு பேர் உட்கார வேண்டும். பெண் டெக்னீஷியன் இருக்கிற இரவில் கூப்பிட்ட குரலுக்கு வருகிற தூரத்தில் இன்னொரு ஊழியர் கட்டாயம் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆணின் அறைக்குள் நடுராத்திரி தனியாகப் போய் மாஸ்க் சரிசெய்கிற வேலை இது. உங்கள் மகளாக இருந்தால் தனியாக அனுப்புவீர்களா என்று யோசித்துச் சார்ட் போடுங்கள்.

சிபாப் கம்பெனிக்குப் போனவனையும் துபாய்க்குப் போனவனையும் பொறுப்பில்லாதவர்கள் என்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருவன் இரவில் தன் வீட்டில் படுக்கலாம் என்று போயிருப்பான், இன்னொருவன் வீட்டுக் கடனை அடைக்கப் போயிருப்பான். இரண்டும் குடும்பத்துக்காகத்தான். இந்தத் தொழிலில் வளர வழி உண்டு என்று நீங்கள் அவர்களுக்குக் காட்டினீர்களா? நைட் டெக்னீஷியனாகச் சேருகிறவர் ஸ்கோரிங் கற்று, தூக்கப் பரிசோதனை டெக்னாலஜிஸ்டுகளுக்கான ஆர்.பி.எஸ்.ஜி.டி. தேர்வு எழுதி, பிறகு இன்சார்ஜாகலாம், பயிற்சி கொடுப்பவராகலாம். 2021-இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்தின் பட்டியலிலேயே ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்ட் இருக்கிறார். எளிதான கேஸ்கள் எல்லாம் வீட்டிலேயே செய்கிற டெஸ்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இனி லேபுக்கு வருபவர்களில் சிக்கலானவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அவர்களைப் பார்க்க அனுபவசாலி வேண்டும். அந்த அனுபவசாலியைத்தான் இப்போது வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, பதவியை ஏற்கலாமா? இப்போது வேண்டாம். ஒரு பெண்ணின் வீட்டைக் கணக்கில் எடுக்காமல் சார்ட் போட்டவர், இரண்டு லேபுக்குப் போட்டால் அந்தத் தவறு இரண்டு மடங்காகும். சார்ட் போடுகிற ஆள் ஒரு வீட்டின் மூத்தவர் மாதிரி. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்துகொண்டு, தன் பங்குக்கும் சுமையை எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் மற்றவர்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணை நேரில் பாருங்கள். ராஜினாமாவை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், நோட்டீஸ் காலத்தைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். அம்மாவுக்கு என்ன என்று கேளுங்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர் நீங்கள், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டுமோ அவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பகல் ஸ்கோரிங் வேலையும் மாதத்துக்கு நாலைந்து இரவும் என்று மாற்றிக் கொடுத்தால் இருப்பாளா என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். எத்தனை ஸ்டடி எடுத்தாள், எத்தனை பேருக்குச் சிபாப் அழுத்தம் பார்த்தாள் என்று விவரமாக அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுங்கள். அசல் சான்றிதழ்கள் ஆபீஸில் இருந்தால் அன்றே எடுத்துக் கொடுங்கள்.

மேனேஜ்மென்டிடம் மேலே எழுதியிருக்கிற கணக்கை ஒரு தாளில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆள் தர மாட்டோம் என்றால் ஆறு இரவை நாலாகக் குறையுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேனேஜர் பதவிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும். வருகிற சனிக்கிழமை சார்ட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். பையனை ஒரு ராத்திரி அவன் அப்பா பார்த்துக்கொள்வார்.