குப்பை என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தேன். நுழைவாயில் அருகே கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் சிலர், போவோர் வருவோர் கையிலெல்லாம் இயேசுவைப் பற்றிய பிரசுரங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் வாங்க வந்த இடத்தில் மதப் பிரசாரம் எதற்கு? பத்தடி தள்ளிப் போனால் அத்தனையும் குப்பையாகத் தரையில் கிடக்கிறது. இதைத் தடை செய்ய வேண்டாமா?

— ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். தடையைப் பற்றிப் பிறகு பேசுவோம். 'குப்பை' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வருகிறேன்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. மொத்தமே 16 பக்கம். அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்ச்சுகீசியப் பாதிரியார், முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காகப் போட்ட ஜெபப் புத்தகம் அது. இந்திய மொழிகளின் எழுத்தில் அச்சேறிய முதல் நூலும் அதுதான். இன்றைக்கு யாராவது அதை வாசலில் நின்று நீட்டினால் துண்டுப் பிரசுரம் என்றுதான் சொல்வீர்கள், பத்தடி தள்ளிப் போட்டுவிட்டும் போவீர்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் இப்போது அமெரிக்காவுக்குப் போக வேண்டும், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அச்சடித்த கரையில் நாம் காப்பாற்றி வைக்கவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று ஊரார் கிழித்துப் போட்டதையெல்லாம் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். அவர் 1992இல் காலமானபோது அந்த வீட்டில் ஏறத்தாழ 1 லட்சம் அச்சுப் பொருட்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வந்துதான் அதை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி ஆய்வு செய்கிற பிள்ளைகள் இன்று அங்கே உட்கார்ந்து புரட்டுவதில் பாதி, அந்தக் காலத்தில் யாரோ குப்பை என்று சொன்ன தாள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நூலகம் தன்னிடமிருந்த பழைய பிரசுரங்களை எல்லாம் எடைக்குப் போட்டதை இதே பக்கத்தில் கண்டித்து எழுதினேன். "அட்டையும் இல்லாத, பட்டியலிலும் சேராத தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஐம்பது பக்கத்துக்குக் குறைந்தது புத்தகம் ஆகாது என்கிற எண்ணம் நம் நூலகங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. தமிழ் உரைநடை வளர்ந்ததே ஐம்பது பக்கத்துக்குக் குறைந்த வெளியீடுகளில்தான், அதுவும் சண்டைக்காகப் போட்ட வெளியீடுகளில்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் ஜெர்மானிய லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) பாதிரியார் சீகன்பால்க். அச்சுக்கூடம் கிடைத்ததும் அவர் போட்ட முதல் வெளியீடுகளில் ஒன்று 1713இல் வந்த 'அக்கியானம்' என்ற கண்டனப் பிரசுரம். இங்கிருந்த வழிபாட்டைக் கடுமையாகத் தாக்கியது. அதைப் படித்தால் உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அவருக்கு வந்த எதிர்ப்பு இந்துக்களிடமிருந்து மட்டுமா? வீரமாமுனிவர் கத்தோலிக்கர். தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று வரிசையாக எழுதித் தள்ளினார். ஒரே இயேசுவை வணங்கும் இரண்டு தரப்பும் தமிழில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் வீரமாமுனிவர் எழுதிய உரைநடையை இன்றைக்கும் வாய்விட்டுப் படிக்கலாம், மூச்சு முட்டாது.

அப்புறம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே பாடம் சொன்னவர், பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர். வேலையை விட்டு வெளியே வந்து என்ன செய்தார்? மிஷனரிகள் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூடாது என்று யாருக்காவது மனுப் போட்டாரா? 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து அச்சு யந்திரம் வாங்கிக்கொண்டு போனார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். பாதிரிமார் சைவத்தின்மேல் சொன்ன குற்றங்களுக்கு, அவர்கள் கையிலிருந்த வேதாகமத்திலிருந்தே எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிற நூல் அது. அவர்களைவிட நன்றாக அவர்களுடைய புத்தகத்தைப் படித்திருந்தார். பிறகு 1869இல் வள்ளலார் பாடல்களை 'அருட்பா' என்று அழைக்கலாமா என்ற அருட்பா – மருட்பா தகராறில் நாவலர் தரப்பின் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தபோது, இரு பக்கமும் பிரசுரங்கள் பறந்தன. அந்த விஷயத்தில் நான் வள்ளலார் பக்கம். அது இருக்கட்டும். பிடிக்காத காகிதத்துக்குப் பதில் இன்னொரு காகிதம் என்பதை நாவலர் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, தடைக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு, மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான். 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. பரப்பும் உரிமை கூடாது என்று சிலர் வாதாடினார்கள். நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தான் பதினான்கு வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், ஒருவரும் தன்னை மதம் மாற்ற முயன்றதில்லை என்றும் சொல்லி அந்தப் பிரிவை ஆதரித்தார். அது நிறைவேறியது. 1977இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லையும் போட்டது. தன் மதக் கருத்தை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவதை ஓர் உரிமையாகக் கோர முடியாது என்றது. வாசலில் நின்று ஒரு தாளை நீட்டுவது அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. உள்ளே அரங்குகளுக்கு என்ன விதி என்பதைப் புத்தகக் காட்சியை நடத்தும் பதிப்பாளர் சங்கமான பபாசி பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. நந்தனத்தில் அந்தக் காட்சி நடக்கும் மைதானம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியுடையது. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் இடத்தில் கூடாரம் போட்டு, ராமகிருஷ்ண மடத்து வெளியீடும் குர்ஆன் மொழிபெயர்ப்பும் பெரியார் நூல்களும் மார்க்சும் விற்கிறோம். அந்த மைதானத்தின் வாசலில் ஒரு கிறிஸ்தவ மாணவன் நான்கு பக்கத் தாளோடு நிற்பது மட்டும் உங்கள் கண்ணை உறுத்துவது எனக்குப் புரியவில்லை.

அந்த மாணவர்களிடம் எனக்கும் ஒரு சண்டை இருக்கிறது. உங்கள் சண்டை வேறு, இது வேறு.

என்னிடமும் ஒரு மாணவி கொடுத்தாள். கல்லூரி அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் செருகியிருந்தாள். எனக்கு முன்னால் போனவர் ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசிவிட்டுப் போனார். "சரிங்க சார், நன்றி" என்று அவருக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகம் சுருங்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கக் கை நீட்டி, முக்கால்வாசிப் பேரிடம் அவமானப்பட்டும் நிற்பதற்கு அந்த வயதில் ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். அவள் கொடுத்த தாளைத்தான் மதிக்க முடியவில்லை.

அது என் மேஜைமேல் இருக்கிறது. வழவழப்பான தாள், நான்காக மடித்தது. முகப்பில் சூரிய அஸ்தமனமும் ஆளில்லாத ஒரு சாலையும். 'இன்றிரவு நீங்கள் இறந்துபோனால்?' என்று தலைப்பு, அதற்கு மூன்று ஆச்சரியக்குறி. உள்ளே 1871இல் வந்த, பவர் பாதிரியார் தலைமையில் ஆன மொழிபெயர்ப்பு பைபிளிலிருந்து ஆறு வசனங்கள். அந்த வசனங்களுக்கு ஓசை இருக்கிறது, காதில் நிற்கிறது. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே வரும் தமிழ் ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தது. இடறாமல் ஒரு பத்தி படிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தில் எட்டுச் சந்திப் பிழை எண்ணினேன். கடைசியில் தொடர்புக்கு என்று போட்டு, பாதி அழிந்த ரப்பர் முத்திரை. எழுதியவர் யார், எங்கே அச்சிட்டது, எந்த வருஷம், ஒன்றும் இல்லை. அச்சிட்டவர் பெயரும் இடமும் போட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் வேறொன்று வந்துவிட்டது, அதற்காக வழக்கத்தை விட்டுவிடலாமா? நாளைக்கு இன்னொரு ரோஜா முத்தையா இதைப் பெட்டியில் போட்டு வைத்தால், எந்தக் காலத்துத் தாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வாரிசுகள் இவர்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாரிசுகள். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய பாளையங்கோட்டை எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் வாரிசுகள். இவ்வளவு பெரிய வீட்டில் பிறந்துவிட்டு இரவல் தமிழில் எழுதிக் கொடுத்தால் எனக்குக் கோபம் வராதா? தம்பிகளே, தங்கைகளே, யாரோ எங்கேயோ மொழிபெயர்த்த தாளைச் சுமந்துகொண்டு வராதீர்கள். உங்கள் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. நீங்கள் நம்புவதை நீங்களே எழுதுங்கள். ஏன் நம்புகிறீர்கள், எங்கே சந்தேகம் வந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பெற்றோர் பக்கத்தில் இல்லாத சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அடுத்தவர் சாமியைத் திட்டாதீர்கள். கீழே பெயரும் ஊரும் தேதியும் போடுங்கள். அப்படி ஒன்று எழுதி அனுப்பினால், நான் கிறிஸ்தவன் இல்லாவிட்டாலும் பிழை திருத்தித் தருகிறேன்.

கேள்வி கேட்ட வாசகரே, அடுத்த முறை போகும்போது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்கப் படியுங்கள். எங்கே தவறு என்று படுகிறதோ அங்கே அடிக்கோடு போட்டு, உங்கள் மறுப்பை எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன், ஒரு வரி வெட்டாமல் போடுவேன். இந்தக் கேள்வியை அனுப்பியதுபோல் பெயர் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.