யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்? – வாசகர் கேள்வி பதில்

? மாதம் 900 கி.மீ. ஓட்டுகிறேன். அதே அளவு பெட்ரோல் காரைவிட மின்கார் 4 லட்சம் கூடுதல் விலை சொல்கிறார்கள். “மூணு வருஷத்துல போட்ட காசு வந்துடும்ப்பா” என்கிறான் மகன். நம்பலாமா? – கோவை வாசகர்

மூன்று வருடத்தில் வராது. உங்கள் ஓட்டம் அதற்குப் போதாது.

லிட்டருக்கு 15 கி.மீ., லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் உங்களுக்கு மாதம் 60 லிட்டர், 6,060 ரூபாய். மின்காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று கொள்ளுங்கள். விளம்பரத்தில் போடும் ரேஞ்சை (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாதம் 150 யூனிட், அதாவது இரண்டு மாத இ.பி. பில்லில் 300 யூனிட் கூடும்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வீட்டில் ஏற்கெனவே 350 யூனிட் ஓடுகிறதென்றால் மொத்தம் 650 ஆகிவிடும். 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு, 500 வரை நிற்பவர்களுக்கான சலுகை விகிதமும் கைநழுவிவிடும். ஆகவே கார் தின்னும் யூனிட்டுக்குச் சராசரி 8 ரூபாய் வைத்துக்கொள்ளலாம். மாதம் 1,200 ரூபாய். மிச்சம் 4,860. 4 லட்சம் திரும்பி வர 82 மாதம், ஏறக்குறைய ஏழு ஆண்டு. அந்த 4 லட்சத்தையும் 9 சதவீத வட்டிக்கு வாங்கினால் முதல் வருடம் வட்டி மட்டுமே மாதம் 3,000. மிச்சத்தில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போய்விடும்.

அபார்ட்மென்ட்டில் சார்ஜிங் பாயிண்ட் கிடைக்காமல் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால், யூனிட் 20 ரூபாய் வைத்து 3,000 ஆகும். மிச்சம் 3,060தான். போட்ட முதல் வருவதற்குள் பதினோரு ஆண்டு ஓடிவிடும். பேட்டரி வாரண்டியோ பெரும்பாலான கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.

விலை ஏன் இப்படி? 2024-ல் உலகச் சராசரி பேட்டரி விலை ஒரு கிலோவாட்-அவருக்கு (நாம் சொல்லும் ஒரு யூனிட்) 115 டாலர் என்று புளூம்பெர்க் என்.இ.எஃப். என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 40 கிலோவாட்-அவர் பேட்டரி என்றால் 4,600 டாலர், கிட்டத்தட்ட 4 லட்சம். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது அந்தப் பெட்டிக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்காருக்கு முன்பிருந்த அதே 5. இடைவெளி இதனாலும் கூடியிருக்கிறது.

மாதம் 2,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு, கூடுதல் ஸ்லாபை (யூனிட் ஏற ஏற உயரும் கட்டணப் படி) நினைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் போட்டாலும், 40 மாதத்தில் முதல் வந்துவிடும். உங்கள் மகன் அப்படிப்பட்ட யாரையோ பார்த்திருக்கிறார். நீங்கள் வாங்குவதென்றால் ஓட்டச் சுகத்துக்கும் புகையில்லாமைக்கும் வாங்குங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

? ஷோரூமில் “வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றுங்கள்” என்கிறார்கள். வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் நண்பரோ “80-க்கு மேல் ஏற்றினால் பேட்டரி போய்விடும்” என்கிறார். எது சரி? – சேலம் வாசகி

இரண்டும் சரி, பேட்டரி வேறு. உங்களுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாக (எல்.எஃப்.பி.) இருக்கும். அதில் 20 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் செல் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான், 3.2 – 3.3. எனவே மீதி எவ்வளவு என்பதை வோல்டேஜை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே போன, வெளியே வந்த கரண்ட்டை எண்ணித்தான் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. எண்ணிக்கைப் பிழை நாளாக ஆகச் சேரும். நூறைத் தொடும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று ஏறும்; அப்போது பிழை திருத்தப்படும், செல்களும் சமன்செய்யப்படும். பல மாதம் நூறு ஏற்றாத வண்டி, 15 சதவீதம் காட்டிக்கொண்டே நடுரோட்டில் நின்றுவிடலாம்.

நண்பருடையது நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் (என்.எம்.சி.) பேட்டரி. நிறைந்த நிலையில், அதுவும் வெயிலில், நிறுத்திவைத்தால் வேகமாகத் தேயும். தினசரிக்கு 80, நெடும்பயணத்துக்குக் கிளம்பும் முன் 100.

? வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் காரைச் சார்ஜ் போட்டேன். சாக்கெட் உருகிவிட்டது. கீஸருக்கு ஒன்றும் ஆகவில்லையே? – தஞ்சை வாசகர்

கீஸர் ஓடுவது பத்து, பதினைந்து நிமிடம். கார் 3.3 கிலோவாட்டில் 14 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் தளர்ந்த தொடர்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே அங்கே 20 வாட் சூடு பிறக்கும். கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன். பிளாஸ்டிக் எப்படித் தாங்கும்?

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்), நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 6 ஸ்கொயர் எம்.எம். ஒயரும், இ.பி.யில் லோடு உயர்த்த மனுவும் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனை விடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லையென்றால் மெயினில் அணைத்துவிடுங்கள்.

? சார்ஜ் 60 சதவீதம் இருந்தும் காலையில் கார் கதவே திறக்கவில்லை! – நாகர்கோவில் வாசகர்

பெரிய பேட்டரி அல்ல, சின்னது படுத்துவிட்டது. மின்காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பெரியதை வண்டியோடு இணைக்கும் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுப்பது அதுதான். வோல்ட் மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நலம், 12-க்குக் கீழே என்றால் போச்சு. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, இன்னொரு 12 வோல்ட் பேட்டரியில் கேபிள் கொடுத்தால் வண்டி விழித்துக்கொள்ளும். ஆனால் பக்கத்து வீட்டு டீசல் வண்டிக்கு உங்கள் மின்காரிலிருந்து கேபிள் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டை அந்தச் சின்ன பேட்டரி தாங்காது.