எடை குறைப்பு முகாமில் யாரிடம் என்ன கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். மலேசியாவின் கேமரன் மலையில் இரண்டு வாரம் தங்கி எடை குறைக்கும் முகாமுக்கு என்னை அனுப்ப மகள் விரும்புகிறாள். கையேட்டில் மருத்துவர், உணவியல் நிபுணர், பயிற்சியாளர், மனநல ஆலோசகர், சமையல் நிபுணர் எனப் பலருடைய படங்கள். 6 கிலோ குறையும் என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் கிளிக்லசைடைப் பற்றிப் பேசிவிடுவோம். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் குறைவாகச் சாப்பிட்ட நாளிலும் அது தன் வேலையைச் செய்யும். முகாமில் சோற்றைப் பாதியாக்கி, காலையில் மலையேறவும் வைத்து, மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயக்கம்கூட வரும். ஆகவே உங்கள் மாத்திரை அளவை முதல் நாளுக்கு முன்பே யார் முடிவு செய்வார் என்று முகாம் மருத்துவரிடம் கேளுங்கள். “வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றால் போகவே வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. முகாமின் உணவுத் திட்டத்தை வாங்கி உங்கள் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். முகாம் மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மகளே தேடிப் பார்க்கலாம்.

நானும் உணவியல் நிபுணர் என்பதால் அடுத்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். வீட்டில் யார் சமைக்கிறார், தேக்கா சந்தையில் என்னென்ன வாங்குகிறீர்கள், பேரப்பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பது யார் வயிற்றுக்குப் போகிறது என்றெல்லாம் உங்களிடம் கேட்பவர்தான் நல்ல உணவியல் நிபுணர். சமையல் நிபுணரும் எண்ணெய் குறைத்த சாம்பாரையும் பொரியலையும் உங்கள் கையாலேயே செய்யப் பழக்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் பயிற்சிக்கு முன் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்க்கட்டும்.

6 கிலோ என்று உறுதி கொடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. முதல் வாரம் குறைவதில் பெரும்பகுதி நீர். உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அந்த எடையும் திரும்பிவிடும். வாரத்துக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரை குறைந்தால் போதும்.

அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் அதில் வீட்டில் இருந்தபடியே 7 விழுக்காடு எடை குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டார்கள். அவர்களுக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள், அதன் பிறகும் தொடர்பு நீடித்தது. அப்படி ஒருவர் உங்கள் முகாமில் இருக்கிறாரா?

வீடு திரும்பிய பின் அம்மாவை யார் அழைத்துப் பேசுவார், எத்தனை மாதங்களுக்கு என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் தந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். தராவிட்டால் பணம் கட்ட வேண்டாம். பலதுறை மருந்தகத்திலேயே உணவியல் ஆலோசனை உண்டு. மருத்துவரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்.