மைலோமா ஊசி நடக்கும்போது ‘நானோ கிரீன் டீ’ காப்ஸ்யூல் சாப்பிடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெய்துவந்த என் தந்தைக்கு வயது 63. மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காக வாரம் ஒரு முறை வேலூருக்கு வந்து போர்டெசோமிப் ஊசி போட்டுக்கொள்கிறார். சென்ற முறை தங்கிய விடுதிக்கு அருகே ஒருவர், கிரீன் டீயின் சத்தை நானோ துகளில் அடைத்தது என்று சொல்லி ஒரு காப்ஸ்யூல் புட்டியை விற்றிருக்கிறார். நான்கு நாள்களாக அப்பா அதைச் சாப்பிடுகிறார். தொடரலாமா, டாக்டர்?

பதில்: அந்தக் காப்ஸ்யூலை இன்றே நிறுத்திவிடுங்கள். ஊசியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் தந்தையாருக்கு வேறு மருந்து நடந்துகொண்டிருந்தால் இதை இன்னும் நிதானமாகச் சொல்லியிருப்பேன். போர்டெசோமிப் ஊசியின் தன்மைதான் இந்த அவசரத்துக்குக் காரணம்.

அந்த மருந்தின் மூலக்கூறில் போரான் அணு ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் வேண்டாத புரதங்களைச் சிதைத்து அகற்றும் புரோட்டியாசோம் என்னும் அமைப்பை அந்தப் போரான் பகுதிதான் பற்றிக்கொண்டு முடக்குகிறது. ஓயாமல் புரதம் தயாரிக்கும் மைலோமா செல், கழிவு தேங்கி மடிகிறது. கிரீன் டீயில் மிகுதியாக உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசின் வகை வேதிப்பொருளுக்கோ, அதே போரானோடு நேரடியாகப் பிணையும் இயல்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் மருந்தின் வேகம் கூடும் என்று எதிர்பார்த்துச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், செல்களிலும் எலிகளிலும் மருந்து செயலிழந்துபோனதைக் கண்டு 2009ஆம் ஆண்டு ‘ப்ளட்’ இதழில் எச்சரித்தார்கள். இரத்தத்தில் இ.ஜி.சி.ஜி. குறைவாக இருக்கும்போது இந்த முரண் தெரியவில்லை என்று பின்னர் வந்த ஓர் எலி ஆய்வு கூறியது உண்மைதான். ஆனால் நானோ துகளில் அடைப்பதன் நோக்கமே இரத்தத்தில் அதன் அளவை உயர்த்துவது. ஆகவே விற்றவர் சொன்னது பொய்யென்றால் உங்கள் பணம் வீண். மெய்யென்றால் உங்கள் தந்தையாரின் ஊசியே வீணாகக்கூடும்.

நானோ துகள் ஆய்வு வெறும் கட்டுக்கதை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே நானோமீட்டர். பெரும்பாலான மருந்துத் துகள்கள் இருநூறு நானோமீட்டருக்கும் குறைந்தவை. நாம் குடிக்கும் தேநீரில் உள்ள இ.ஜி.சி.ஜி. குடலிலேயே பெருமளவு சிதைந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்களைக் கொல்லத் தேவைப்படும் செறிவில் மிகச் சிறு பங்கே இரத்தத்துக்கு வந்து சேர்கிறது. இந்தக் குறையைப் போக்கத்தான் 2009இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் அதை மக்கக்கூடிய பாலிமர் துகளில் அடைத்துப் பார்த்தார்கள். துகளில் அடைக்காத இ.ஜி.சி.ஜி.யின் பலனைப் பெற, அதன் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்ததே போதுமானதாக இருந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த கட்டேஷ் கட்டியின் குழு, கதிரியக்கத் தங்கத் துகளின்மேல் இ.ஜி.சி.ஜி. பூசி எலிகளின் புரோஸ்டேட் கட்டிக்குள் நேரடியாக ஊசியால் செலுத்தியபோது கட்டிகள் வெகுவாகச் சுருங்கின. 2012இல் அது வெளியாயிற்று. 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இ.ஜி.சி.ஜி.யைக் கொண்டே ஓர் உறை செய்து, அதற்குள் ஹெர்செப்டின் என்னும் புற்றுநோய் மருந்தை வைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். கடைசி இரண்டையும் கவனியுங்கள்: செல்லைக் கொன்றது முதன்மையாக ஒன்றில் கதிர்வீச்சு, மற்றதில் ஹெர்செப்டின், தேயிலைப் பொருள் பெரும்பாலும் வண்டியாகவே இருந்தது, சரக்காக அல்ல. இவற்றுள் எதுவும் வாய்வழிக் காப்ஸ்யூலாக மைலோமா நோயாளிக்குக் கொடுத்துப் பயன் நிறுவப்பட்டதல்ல.

புற்றுநோய் மருத்துவத்தில் நானோ மருந்துகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. கொழுப்பு உறையிட்ட டாக்ஸோரூபிசின் அமெரிக்காவில் 1995இலும், ஆல்புமினோடு பிணைத்த பாக்லிடாக்செல் 2005இலும் அனுமதி பெற்றன. இரண்டும் இரத்தக் குழாய் வழியாக மருத்துவமனையில் ஏற்றப்படுபவை. துகள் செய்துவிட்டால் மருந்து முழுதும் கட்டிக்குப் போய்ச் சேரும் என்பதும் சரியல்ல. அதுவரை வந்த விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, செலுத்தியதில் நடுமதிப்பாக 0.7 சதவீதமே கட்டியை அடைந்தது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

கல்லீரலைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. செறிவூட்டிய சத்து மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி. எடுத்துக்கொண்டவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. எனவே அடுத்த ஊசிக்கு வரும்போது அந்தப் புட்டியையே ஓ.பி.க்குக் கொண்டுவந்து காட்டுங்கள். எத்தனை காப்ஸ்யூல், எந்தெந்த நாளில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம். அதற்குள் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, வாந்தி வந்தாலோ ஊசி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்து வாருங்கள்.

மருத்துவர் திட்டுவார் என்று அஞ்சி மறைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தந்தையாரைக் குற்றம் சொல்லாதீர்கள். பிழைக்கவேண்டும் என்ற ஆசையில்தான் வாங்கியிருக்கிறார். வழக்கமான பால் டீயைக் காலையும் மாலையும் அவர் குடிக்கலாம். கிரீன் டீயை மட்டும், கோப்பையில் குடிப்பதாயினும், போர்டெசோமிப் சுற்றுகள் முடியும்வரை விட்டுவிடச் சொல்லுங்கள்.